கடவுள் இருப்பும் உலகத் தோற்றமும்: தமிழ் நூல்களில் நடந்த வாதங்கள்

உலகம் எவ்வாறு தோன்றியது, அதைத் தோற்றுவித்த கடவுள் ஒருவர் உண்டா என்னும் வினாக்கள் தமிழ் நூல்களில் நெடுங்காலமாக வாதிக்கப்பட்டு வருபவை. மணிமேகலை, நீலகேசி, சிவஞானபோதம், சிவஞான சித்தியார் ஆகியவை இவ்வாதத்தில் முதன்மையான நூல்கள். 19, 20 ஆம் நூற்றாண்டுகளில் பகுத்தறிவு இதழ்கள் இதைத் தொடர்ந்தன. இக்கட்டுரை அந்த வாதங்களை விளக்குகிறது. இன்றைய அண்டவியல் கூறும் செய்திகள் அவற்றை எந்த இடத்தில் தொடுகின்றன, எந்த இடத்தில் தொடவில்லை என்பதையும் காட்டுகிறது.

வினாக்கள் ஒன்றல்ல

இத்தலைப்பில் பேசும்போது மூன்று வினாக்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. அவற்றை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

1. கடவுளரில் முழுமுதற் கடவுள் யார்?
2. கடவுள் என்று ஒருவர் உண்டா?
3. உலகத்திற்குத் தொடக்கம் உண்டா? உண்டெனில் அதற்குக் காரணம் எது?

திருவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு, வ. புதுப்பட்டி வட்டாரத்தில் வளரும் பிள்ளைகள் பெரியாழ்வாரின் கதையைச் சிறு வயதிலேயே கேட்டிருப்பார்கள். பாண்டியன் வல்லபதேவனின் அவையில் பரம்பொருள் யார் என்ற வாதம் நடந்தது. திருவில்லிபுத்தூரில் இறைவனுக்குப் பூமாலை கட்டும் தொண்டு செய்துவந்த விட்டுசித்தர் அங்கே சென்று, திருமாலே பரம்பொருள் என்று நிறுவிப் பொற்கிழியை வென்றார் என்று வைணவ குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. இது முதல் வினாவைப் பற்றிய வாதம். அந்த அவையில் இருந்தவர்கள் பரம்பொருள் உண்டு என்பதை ஏற்றுக்கொண்டே வாதிட்டார்கள்.

இரண்டாம் வினாவும் மூன்றாம் வினாவும் வேறு. அவையும் ஒன்றல்ல என்பதே தமிழ் நூல்களைப் படிக்கும்போது தெரியவரும் முக்கியமான செய்தி. உலகத்திற்குத் தொடக்கமே இல்லை என்ற சமயங்கள் உண்டு. கடவுள் உண்டு, ஆனால் அவர் உலகத்தை இன்மையிலிருந்து படைக்கவில்லை என்ற சமயங்களும் உண்டு. ஒரு வினாவின் விடையைக் கொண்டு மற்றதன் விடையை எளிதில் சொல்லிவிட முடியாது.

அளவை: வாதத்தின் கருவி

நெல்லை மரக்காலால் அளக்கிறோம். அதுபோல ஒரு கருத்து மெய்யா பொய்யா என்று அளந்து பார்க்கும் கருவிக்கு அளவை என்று பெயர். வடமொழியில் இதைப் பிரமாணம் என்பர். பல அளவைகள் கூறப்பட்டாலும் முதன்மையானவை மூன்று.

காண்டல்: ஐம்பொறிகளால் நேரில் அறிவது.
கருதல்: கண்டதைக் கொண்டு காணாததை உய்த்து அறிவது. இது அனுமானம் எனவும்படும்.
உரை: நம்பத்தக்கவர் சொல்லாலும் நூலாலும் அறிவது.

கருதலுக்குப் பழைய நூல்கள் தரும் எடுத்துக்காட்டு, மலையில் புகையைக் கண்டு அங்கே தீ உண்டு என்று அறிவது. கோடைக்காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையில் புகை எழுந்தால் அடிவாரத்து ஊரில் இருப்பவர்கள் காட்டுத்தீ என்று உடனே சொல்லிவிடுவார்கள். தீயை யாரும் பார்க்கவில்லை. ஆனால் அடுப்பங்கரையில் புகையையும் தீயையும் சேர்த்துப் பலமுறை பார்த்திருக்கிறார்கள். அந்தப் பழக்கமே கருதலுக்கு அடிப்படை.

கடவுள் காண்டலுக்கு எட்டுபவர் அல்லர் என்பதைப் பெரும்பாலான சமயங்கள் ஒப்புக்கொள்கின்றன. எனவே கருதலால் அவரை நிறுவ முடியுமா என்பதே வாதத்தின் மையம்.

மணிமேகலை காட்டும் வாத அரங்கு

சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலை 30 காதைகள் கொண்ட பௌத்தக் காப்பியம். அதன் 27 ஆவது காதை சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை. மணிமேகலை மாற்றுருவம் கொண்டு வஞ்சி நகரத்தில் பல சமயத்தாரையும் அணுகி, உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள். அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டன், சாங்கியன், வைசேடிகன், பூதவாதி ஆகியோர் தத்தம் கொள்கையைச் சொல்கிறார்கள்.

உலகத் தோற்றம் பற்றி அவர்கள் கூறுவன ஒன்றுக்கொன்று மாறுபட்டவை. பிரமவாதி இந்த உலகத்தை ஒரு தேவன் இட்ட முட்டை என்கிறான். சாங்கியன் மூலப்பகுதி என்னும் ஒன்றிலிருந்து படிப்படியாக எல்லாம் விரிந்தன என்கிறான். ஆசீவகன் தொடக்கமில்லாத அணுக்களைப் பற்றிப் பேசுகிறான். அவை புதிதாகப் பிறப்பதும் இல்லை, அழிவதும் இல்லை. சேர்ந்தும் பிரிந்தும் பொருள்களாகின்றன.

இவர்களில் கடவுளையும் மறுபிறப்பையும் அறவே மறுப்பவன் பூதவாதி. இவன் உலகாயதக் கொள்கையைச் சேர்ந்தவன். ஆத்திப் பூவையும் வெல்லக்கட்டியையும் பிறவற்றையும் சேர்த்தால், அவற்றில் தனித்தனியே இல்லாத மயக்கம் தரும் தன்மை பிறக்கிறது. அதுபோல ஐம்பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது, அவை பிரியும்போது பறையின் ஓசை அடங்குவதுபோல உணர்வும் அழிகிறது என்பது அவன் வாதம். காண்டல் தவிர வேறு அளவையை அவன் ஏற்பதில்லை.

அதற்கு மணிமேகலை ஒரு வினாவை எழுப்புகிறாள். உன் தாய் தந்தையரை அவர்கள்தாம் உன்னைப் பெற்றவர்கள் என்று எப்படி அறிந்தாய்? கருதலை மறுத்தால் அதைக்கூட அறிய முடியாதே என்பது அவள் கேள்வியின் பொருள். இந்த விடை கடவுளை நிறுவவில்லை. பௌத்த நூலுக்கு அது நோக்கமும் அன்று. கண்ணால் காணாததை எல்லாம் இல்லை என்று தள்ள முடியாது என்பதை மட்டும் அது நிறுவுகிறது.

படைத்தவர் இல்லாத சமயங்கள்

கடவுள் மறுப்பு என்றால் சமய மறுப்பு என்று இன்று பலர் எண்ணுகிறார்கள். பழந்தமிழகத்தில் அப்படி இல்லை.

சமணம் உலகைப் படைத்த கடவுளை ஏற்பதில்லை. உயிர், புற்கலம் என்னும் பருப்பொருள், இயக்கத்திற்குத் துணையாகும் தன்மம், நிலைத்தலுக்குத் துணையாகும் அதன்மம், வெளி, காலம் ஆகிய ஆறு பொருள்களும் என்றும் உள்ளவை. உலகம் தொடக்கமும் முடிவும் இல்லாதது. அருகனை வணங்குவது அவர் உலகைப் படைத்தார் என்பதற்காக அன்று, வினையை வென்றவர் என்பதற்காக. 10 சருக்கங்கள் கொண்ட சமண நூலாகிய நீலகேசியில், நீலகேசி என்னும் பெண் ஊர் ஊராகச் சென்று பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதியர் ஆகியோரோடு வாதிடுகிறாள். கடைசிச் சருக்கத்தில் பூதவாதியோடும் வாதிடுகிறாள். படைத்த கடவுளை ஏற்காத சமணம், உயிர் இல்லை என்பவனையும் எதிர்த்து நிற்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

பௌத்தம் முதற்காரணத்தைத் தேடுவதில்லை. ஒன்றைச் சார்ந்து மற்றொன்று தோன்றும் பன்னிரு சார்புகளை மணிமேகலையின் 30 ஆவது காதை விளக்குகிறது. அது சுழன்றுகொண்டே இருக்கும் ஒரு சக்கரம். முதல் ஆரக்கால் எது என்று கேட்பதில் பயனில்லை.

வேதத்தை உயிராகப் போற்றிய மீமாஞ்சையிலும் படைத்த கடவுளுக்கு இடமில்லை. ஏறத்தாழ 7 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த குமாரிலபட்டர் சில கூர்மையான வினாக்களை எழுப்பினார். பருப்பொருள் எதுவும் இல்லாதபோது படைப்பவருக்கு உடல் ஏது? இரக்கத்தால் படைத்தார் என்றால், அப்போது இரங்குவதற்கு உயிர்கள் ஏது?

சைவ சித்தாந்தத்தின் வாதம்

இத்தனை மறுப்புகளையும் எதிர்கொண்டு கடவுளை அளவையால் நிறுவ முயன்ற தமிழ் நூல் சிவஞானபோதம். 13 ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டார் இயற்றியது. இதில் உள்ளவை 12 நூற்பாக்களே. அவற்றில் முதலாவது உலகத்திலிருந்து கடவுளுக்குச் செல்லும் வாதம். அதன் படிகளை எளிய நடையில் இவ்வாறு கூறலாம்.

முதற்படி: அவன், அவள், அது என்று சுட்டப்படும் உலகத்துப் பொருள்கள் தோன்றி, நின்று, மறைகின்றன.
இரண்டாம் படி: பகுதிகள் இவ்வாறு இருப்பதால் உலகம் முழுமையும் இவ்வாறே தோன்றி மறைவது.
மூன்றாம் படி: இல்லாதது தோன்றாது. எனவே உலகம் எதில் ஒடுங்கியதோ அதிலிருந்தே மீண்டும் தோன்றுகிறது.
நான்காம் படி: அறிவற்ற பொருள் தானே ஒழுங்காக விரிந்துகொள்ளாது. அதை ஒடுக்கியும் தோற்றுவித்தும் செயற்படுத்தும் அறிவுடைய ஒருவன் வேண்டும்.

இதற்குக் குடம் வனைதல் சிறந்த உவமை. மண் முதற்காரணம். தண்டும் சக்கரமும் துணைக்காரணம். குயவர் நிமித்த காரணம். அவ்வாறே உலகத்திற்கு மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், சிவன் நிமித்த காரணம்.

இங்கே ஒரு செய்தியைப் பலரும் தவறவிடுகின்றனர். குயவர் மண்ணை உண்டாக்குவதில்லை. சைவ சித்தாந்தத்தில் பதி, பசு, பாசம் மூன்றும் என்றும் உள்ளவை. கடவுள் உயிரையும் படைக்கவில்லை, மாயையையும் படைக்கவில்லை. உயிர்கள் மலம் நீங்கி வீடு பெறுவதற்காக மாயையிலிருந்து உடலையும் உலகையும் ஆக்கித் தருகிறார். உலகை ஒடுக்குவது உயிர்களுக்கு இளைப்பாறல் தருவதற்காக.

இன்மையிலிருந்து இறைவன் எல்லாவற்றையும் படைத்தான் என்பது கிறித்தவம், இசுலாம் ஆகியவற்றின் மரபான கொள்கை. தத்துவ போதகர் என்று அழைக்கப்பட்ட இராபர்ட் தெ நோபிலி 1606 இல் மதுரைக்கு வந்து தமிழில் எழுதிப் பரப்பிய படைப்புக் கொள்கை இது. ஆகவே கடவுள் உலகைப் படைத்தார் என்று ஒரு சைவரும் ஒரு கிறித்தவரும் சொல்லும்போது அவர்கள் ஒரே கருத்தைச் சொல்வதில்லை.

இரு கொள்கைக்கும் ஒவ்வொரு சுமை உண்டு. உலகில் துன்பம் ஏன் என்று கேட்டால், துன்பத்திற்கு வேரான ஆணவமலம் உயிரிடம் என்றும் உள்ளது, கடவுள் தந்ததன்று என்று சைவர் விடை கூறலாம். ஆனால் கடவுளால் ஆக்கப்படாத பொருள்கள் உண்டு என்பதையும் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லாம் கடவுளால் ஆக்கப்பட்டவை என்பவருக்கு அந்தச் சுமை இல்லை. துன்பத்திற்கு விடை கூறும் சுமை அவருக்குக் கூடுகிறது.

மறுப்புகளும் விடைகளும்

மெய்கண்டாரின் மாணவராகிய அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார் இரு பகுதிகளை உடையது. தம் கொள்கையை விளக்கும் பகுதி சுபக்கம். அதற்கு முன்னர் அமைந்த பரபக்கம் பிறர் கொள்கைகளைக் கூறி மறுப்பது. உலகாயதம் தொடங்கி 14 கொள்கைகள் அதில் இடம்பெறுகின்றன. ஒவ்வொன்றிலும் எதிரியின் கூற்று முதலில் அவன் வாயிலாகவே வருகிறது, பிறகுதான் மறுப்பு. எதிரியின் நூல் அழிந்துபோன இடங்களில், அவன் கருத்தை அறிய மறுத்தவரின் நூலே நமக்குத் துணையாக இருக்கிறது. உலகாயதத்தைப் பற்றித் தமிழில் நாம் அறிவனவற்றுள் பெரும்பகுதி இவ்வாறு கிடைத்ததே.

சித்தாந்த வாதத்தின்மேல் எழும் முக்கியமான மறுப்புகள் மூன்று.

முதல் மறுப்பு: பகுதிகள் அழிவதால் முழுமையும் அழியும் என்பது சரியா? ஊரில் ஒவ்வொருவரும் ஒருநாள் இறக்கிறார்கள். ஊர் இறப்பதில்லை. சமணரும் மீமாஞ்சகரும் நிற்கும் இடம் இது. உலகம் ஒருபோதும் முழுமையாக ஒடுங்குவதில்லை என்பது அவர்கள் கருத்து.

இரண்டாம் மறுப்பு: குயவருக்குக் கையும் காலும் உண்டு, கடவுளுக்கு உண்டா? உயிர் தன் உடலை அசைப்பதற்கு இன்னோர் உடலைத் தேடுவதில்லை, அதுபோலக் கடவுள் தம் நினைவாலேயே செயற்படுகிறார் என்பது சைவரின் விடை. கதிரவனின் முன்னிலையில் தாமரை மலர்கிறது, கதிரவனுக்கு எந்த மாற்றமும் இல்லை என்ற உவமையும் கூறப்படும்.

மூன்றாம் மறுப்பு: குயவர் குடம் செய்வதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். அதனால் ஒரு குடத்தைக் கண்டால் குயவரை உய்த்தறிகிறோம். உலகம் செய்யப்படுவதை யார், எத்தனை முறை பார்த்தார்கள்? இசுகாட்லாந்து நாட்டு மெய்யியலாளர் டேவிட் இயூம் எழுதி, அவர் மறைவுக்குப்பின் 1779 இல் வெளிவந்த இயற்கைச் சமயம் பற்றிய உரையாடல் நூலில் இதே வினா வலுவாக எழுப்பப்பட்டது. அடுப்பங்கரை அனுபவம் இல்லாதவர் மலைப்புகையைக் கண்டு தீயை அறிய முடியாது. உலகத்தைப் பொறுத்தவரை நமக்கு அடுப்பங்கரை இல்லை.

ஆனால் இம்மறுப்பையும் எல்லை கடந்து கொண்டுசெல்ல முடியாது. ஒரே ஒரு முறை நிகழ்ந்து, யாரும் பார்க்காத நிகழ்ச்சியையும் அது விட்டுச்சென்ற தடயங்களால் அறிவியல் அறிந்து சொல்கிறது.

பகுத்தறிவு இதழ்களின் காலம்

19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாதம் ஓலைச்சுவடியிலிருந்து அச்சுத்தாளுக்கு வந்தது. 1880-களில் சென்னை இலௌகிக சங்கத்தார் தத்துவ விவேசினி என்னும் தமிழ் இதழை நடத்திக் கடவுள் மறுப்புக் கருத்துகளை வெளியிட்டனர். இங்கிலாந்தில் சார்லசு பிராட்லா நடத்திய இயக்கத்தின் தாக்கம் அவர்களிடம் இருந்தது.

பெரியார் ஈ.வெ.ரா. 1925 இல் குடி அரசு இதழைத் தொடங்கினார். அவ்விதழில் எழுதிய ம. சிங்காரவேலர் (1860–1946) அண்டத்தின் தோற்றம், உயிர்களின் வளர்ச்சி ஆகிய அறிவியல் செய்திகளைத் தமிழில் எளிமையாக விளக்கிக் கடவுள் கருத்தை மறுத்தார். பெரியாரின் வாதம் பெரிதும் சமூகத்தைச் சார்ந்தது. கடவுளின் பெயரால் சாதியும் தீண்டாமையும் பெண்ணடிமையும் காக்கப்படுகின்றன என்பதே அவர் முன்வைத்த குற்றச்சாட்டு.

இங்கும் இரண்டு வாதங்களைப் பிரித்தறிய வேண்டும். ஒரு நம்பிக்கை தீமை விளைவிக்கிறது என்பது ஒரு வாதம். அந்த நம்பிக்கை பொய் என்பது வேறொரு வாதம். முதலாவதற்குச் சான்று சமூகத்தில் இருக்கிறது. இரண்டாவதை அளவையால்தான் ஆராய வேண்டும். அவ்வாறே, கடவுள் நம்பிக்கை மனத்துக்கு ஆறுதல் தருகிறது என்பதும் கடவுள் உண்டு என்பதற்குச் சான்றாகாது.

அண்டவியல் கூறுவன

பெல்சியக் கத்தோலிக்கக் குருவும் இயற்பியலாளருமான சார்ச் இலமேத்ர் 1927 இல் அண்டம் விரிகிறது என்ற கருத்தை வெளியிட்டார். தொலைவிலுள்ள விண்மீன் பேரடைகள் தொலைவுக்கு ஏற்ற விரைவில் விலகிச் செல்வதை எட்வின் அபுள் 1929 இல் காட்டினார். விரிவதைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் அண்டம் ஒரு காலத்தில் மிகச் செறிவாகவும் மிக வெப்பமாகவும் இருந்திருக்க வேண்டும். இதுவே பெருவெடிப்புக் கொள்கை.

தொடக்கம் என்ற கருத்தையே ஏற்காதவர்களும் இருந்தனர். 1948 இல் பிரெட் ஆயில், எர்மன் பாண்டி, தாமசு கோல்டு ஆகியோர் அண்டம் என்றும் ஒரே நிலையில் உள்ளது என்ற கொள்கையை முன்வைத்தனர். பின்னர் ஆயிலோடு இணைந்து பணியாற்றியவர் இந்திய அறிவியலாளர் செயந்த் நார்லிகர். 1964 இல் ஆர்னோ பென்சியாசு, இராபர்ட் வில்சன் இருவரும் வானின் எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் நுண்ணலைக் கதிர்வீச்சைக் கண்டறிந்தனர். அதன் வெப்பநிலை சுழியத்திற்குக் கீழ் ஏறத்தாழ 270 பாகை செல்சியசு. பழைய வெப்பத்தின் எச்சம் அது. மலைப்புகையைப் போன்ற இந்தத் தடயம், பெரும்பாலான அறிவியலாளர்களைப் பெருவெடிப்பின் பக்கம் கொண்டுவந்தது. இன்றைய கணக்கின்படி அண்டத்தின் அகவை ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகள்.

இந்தக் கொள்கை அண்டத்தின் வெப்பமான தொடக்கநிலையையும் பின்வந்த வளர்ச்சியையும் விளக்குகிறது. அதற்கு முன் என்ன இருந்தது, முன் என்ற சொல்லுக்கே பொருள் உண்டா என்பவை இன்னும் முடிவாகவில்லை.

அறிவியலால் வழக்குத் தீர்ந்ததா?

1951 இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயசு, அறிவியலின் புதிய முடிவுகள் படைப்புக்குச் சான்று பகர்வதாகப் பேசினார். அந்தக் கொள்கையைத் தந்த இலமேத்ரே இதை விரும்பவில்லை. தம் கொள்கை சமய வினாக்களுக்கு அப்பாற்பட்டது, நம்புவோரும் நம்பாதோரும் அதை ஏற்கலாம் என்பது அவர் நிலைப்பாடு.

நம் ஊரிலும் இத்தகைய அவசரம் உண்டு. புராணக் கணக்கில் பிரமனின் ஒரு பகல் 432 கோடி ஆண்டுகள். அறிவியல் கணக்கில் புவியின் அகவை ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள். இவ்விரண்டும் அருகருகே இருப்பதைக் காட்டி, நம் முன்னோர் அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள் என்பர். 432 கோடி என்பது யுகங்களின் ஆண்டுகளைப் பெருக்கிப் பெற்ற எண். 454 கோடி என்பது கதிரியக்கத் தனிமங்களின் சிதைவை அளந்து பெற்ற எண். எண்கள் அருகருகே இருப்பது சான்றாகாது. அந்த எண் எவ்வாறு பெறப்பட்டது என்பதே சான்று.

மறுபக்கத்து அவசரமும் உண்டு. பெருவெடிப்பு கண்டறியப்பட்டதால் கடவுள் இல்லை என்று ஆகிவிட்டது என்பர். மேலே கண்ட பிரிவுகளை நினைவில் கொண்டால் இது எவ்வளவு தொலைவு செல்லும் என்று தெரியும். உலகம் இன்று காணும் நிலையில் என்றும் இருந்தது என்பாருக்குப் பெருவெடிப்பு இடையூறு. உலகம் ஒடுங்கியும் விரிந்தும் வருவது என்பாருக்கு அது பேரிடையூறு அன்று, உறுதியான சான்றும் அன்று. இயற்கை விதிகளாலேயே எல்லாம் விரிந்தன என்ற உலகாயதரின் பக்கத்திற்கு அது பெரும் வலுச் சேர்க்கிறது. அந்த விதிகள் ஏன் உள்ளன என்ற வினா அப்போதும் எஞ்சி நிற்கிறது.

கணிதமேதை சீனிவாச இராமானுசன் தம் கணித ஆற்றலை நாமக்கல் நாமகிரித் தாயாரின் அருள் என்று நம்பினார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1983 இல் நோபல் பரிசு பெற்ற வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் தம்மை நாத்திகர் என்று கூறிக்கொண்டார். இருவரின் கணக்கும் உலகெங்கும் ஒன்றுபோல் ஏற்கப்படுகிறது.

மாணவர்கள் கருத வேண்டியவை

கடவுள் உண்டு அல்லது இல்லை என்று யாரேனும் வாதிடும்போது நான்கு வினாக்களைக் கேட்டுப் பார்க்கலாம்.

1. மூன்று வினாக்களில் எதைப் பற்றிய வாதம் இது?
2. எந்த அளவையால் நிறுவப்படுகிறது: காண்டலா, கருதலா, உரையா?
3. கருதல் என்றால், அதற்கு அடிப்படையான அனுபவம் நமக்கு உண்டா?
4. எதிர்த்தரப்பின் கருத்தை அவர்களே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துக் கூறியிருக்கிறார்களா?

நான்காவது வினாவே பெரிதும் மறக்கப்படுகிறது. அருணந்தி சிவாசாரியார் தாம் சற்றும் ஏற்காத உலகாயதனுக்கும் முதலில் பேச இடம் கொடுத்தார். பௌத்தராகிய சாத்தனார் சைவவாதியையும் வைணவவாதியையும் தம் காப்பியத்தில் பேசவிட்டார். ஏறத்தாழ 1500 ஆண்டுகளாகத் தமிழில் இந்த வாதம் தொடர்ந்து நடப்பதற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம். வீட்டில் பக்தியோடு வளரும் பிள்ளையும், கேள்வி கேட்கத் தொடங்கிய பிள்ளையும் ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சில்தான் அமர்கிறார்கள். இருவருக்கும் முன்மாதிரி இந்நூல்களில் உண்டு.